மாப்பிள்ளை கேட்ட ஈக்குவலைசர்

"மாமா, பாட்டு வருது. கூடவே ஒரு கொசுவும் வருது."

மருமகன் வல்லரசு போனில் இப்படிச் சொன்னபோது ஐயாதுரை இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். தோய்த்த கை அப்படியே நின்றுவிட்டது.

"கொசுவா மாப்ளே? காருக்குள்ளயா?"

"பாட்டுக்குள்ள மாமா. வண்டிய ஸ்டார்ட் பண்ணுனதும் 'ஙொய்'யின்னு ஆரம்பிக்குது. ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுது. தப்பா நினைக்காதீக. நேத்துத்தான் மாட்டுன சாமான், உங்க காதுல போட்டு வைப்போம்னு சொன்னேன். நேரம் இருக்கையில வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."

அவசரமில்லை என்று மாப்பிள்ளை சொன்னால் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். இந்த எட்டு மாதத்தில் அது ஐயாதுரைக்கு நன்றாகப் பழகியிருந்தது. மிச்ச இட்லியைத் தட்டோடு மூடிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

ஐயாதுரை காவல்துறையில் முப்பத்து மூன்று வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். அதில் முக்கால்வாசி ஸ்டேஷன் ரைட்டர் வேலை. புகார் கொடுக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எது நிஜம், எது பொய் என்று சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். ராஜபாளையத்தில் சொந்த வீடு, பென்ஷன், ஒரே மகள் யுவராணி. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. தாயில்லாத பெண்ணை ஒரு நல்ல இடத்தில் நிலைநிறுத்தாமல் கண்ணை மூடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல். கட்டிக்கொடுத்த பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதைக் கனவில் கண்டு இரண்டு முறை வேர்த்து எழுந்திருக்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை வைத்திருக்கும் வல்லரசு அமைந்தது சாமி புண்ணியம். குடி கிடையாது, பீடி கிடையாது, குரலை உயர்த்தி ஒரு வார்த்தை கிடையாது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாதுவப் பாத்ததில்ல" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை அவருக்கு.

கல்யாணத்துக்குச் சீராக ஒரு வெள்ளைக் காரைக் கொடுத்திருந்தார். சீர் என்பது கொடுத்ததோடு முடிகிற காரியம் இல்லை. கொடுத்த குடத்தில் ஓட்டை விழுந்தால் பெண்வீட்டுக்காரன்தான் வாங்கிப் போய்ப் பற்றவைத்துத் தர வேண்டும். கட்டில் கால் ஆடினால் அவன்தான் ஆசாரியைக் கூட்டி வர வேண்டும். கார் என்றால் நான்கு சக்கரமும் இருக்கிற வரை அவன் தலையில்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் வல்லரசு மென்மையாக ஆரம்பித்தான். "வண்டி அருமை மாமா. கம்பெனி செட்டு மட்டும் எடுபடல. சத்தம் வருது, ஆனா நிறைய மாட்டேங்குது. ஒரு ஈக்குவலைசர் போட்டா நல்லா இருக்கும்." குரல், தாளம் என்று சத்தத்தைத் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற அந்தக் குமிழ்ப் பெட்டியை ஐயாதுரை முந்தின நாள்தான் வாங்கி மாட்டிக் கொடுத்திருந்தார்.

பாட்டு கேட்க வீட்டுக்குள் வழியில்லை. வல்லரசின் அம்மாவுக்கு நெஞ்சுவலி, சின்னச் சத்தம்கூட ஆகாது. அதனால் கடை அடைத்து வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டுக்குப் போய், ஷட்டரை இறக்கி, காருக்குள் உட்கார்ந்து பாட்டு கேட்பார்கள். இதைக் கேள்விப்பட்ட நாளில் ஐயாதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கல்யாணமான புதிதில் மனைவியோடு உட்கார்ந்து ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை.

பஸ் வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டும்போதே அவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டார். அப்படி நின்றால் சீக்கிரம் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு.

யுவராணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "வாங்கப்பா" என்றாள். குரல் கட்டைக் குரலாக வந்தது.

"தொண்டை என்னம்மா இன்னும் சரியாகலையா? போன மாசமும் இப்படித்தான இருந்துச்சு."

"தண்ணி சேரலப்பா."

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தண்ணீருக்கும் ராஜபாளையத்துத் தண்ணீருக்கும் என்ன அவ்வளவு பகை என்று ஐயாதுரை யோசிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னாள்.

"அப்பா, அந்த ஈக்குவலைசரக் கழட்டிப் போட்டுருங்கப்பா. பழைய செட்டே போதும்."

"செலவ நினைச்சுச் சொல்றியாக்கும்? அடப் போ பிள்ள. உங்கப்பன் அம்புட்டு ஒண்ணும் கெட்டுப் போயிரல."

அவள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வல்லரசு சாவியை இரண்டு கையாலும் கொடுத்தான். வாசலில் பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடுப்படிச் சுவரும் கார் ஷெட்டின் சுவரும் ஒன்றுதான். ஐயாதுரையைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பாட்டு விசயமாவா வந்தீக அண்ணாச்சி?"

"ஆமாம்மா. ஒரு சின்னக் கோளாறு."

"சரி பண்ணிக் குடுங்க" என்றாள் அவள், பெருமூச்சு விட்டு. "சீக்கிரமா சரி பண்ணிக் குடுங்க."

மாப்பிள்ளையின் இசை ஆர்வம் தெரு வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று ஐயாதுரை பூரித்துப் போனார்.

ராஜபாளையத்தில் கார் செட்டுக் கடை வைத்திருக்கும் நவாஸ் பொறுமைசாலி. டாஷ்போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஐயாதுரைக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னான்.

"ஐயா, கம்பெனிக்காரன் இந்த செட்டுல வெளி சாமான் மாட்ட வழி வைக்கல. ஸ்பீக்கருக்குப் போற வயர்ல இருந்து நம்ம திருடித்தான் ஈக்குவலைசருக்குக் குடுத்திருக்கோம். அது ஆம்ப்ளிபயருக்குப் போயி, பொறவு ஸ்பீக்கருக்குத் திரும்புது. இடையில இஞ்சின் கரண்டு உள்ள பூந்துட்டா இந்தக் கொசுச் சத்தம் வரும்."

"திருட்டுன்னு சொல்லுத. எவன் பூந்தான்னு கண்டுபிடிச்சிருவோம்" என்று ஐயாதுரை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வயர் ஒவ்வொன்றையும் கையில் பிடித்து, "இவன் எங்க இருந்து வாரான்? எங்க போறான்?" என்று விசாரித்தார். நவாஸ் அரைமணி நேரத்தில் முடிக்க வேண்டிய வேலை மத்தியானம் வரை போனது.

கடைசியில் பேட்டரியிலிருந்து ஈக்குவலைசருக்குத் தனியாக ஒரு வயர் இழுத்ததும் கொசு அடங்கியது.

"ஐயா, ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க. இப்பம் இது நேரா பேட்டரியில இருந்து குடிக்குது. சாவிய எடுத்தாலும் நிக்காது. சாவியோட சேத்து அணையுற மாதிரி இன்னொரு வயர் குடுக்கணும்."

"ஒரு நாளா? சீர் வண்டிய வாங்கிட்டு வந்து ஒரு ராத்திரி வச்சிருந்தேன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன பேசுவானுக? இன்னைக்கே கொண்டுபோய் விடணும்."

"அப்பம் ஒண்ணு செய்யுங்க. ஈக்குவலைசர் ஓரத்துல சின்ன சுவிட்சு இருக்கு. பாட்டு கேட்டு முடிச்சதும் மறக்காம அணைக்கச் சொல்லுங்க, போதும்."

"சொல்லிருவோம்."

நவாஸ் ஈக்குவலைசரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "ஐயா, தப்பா எடுத்துக்காதீக. செட்டு போட வாரவுக எல்லாரும் பேஸு வேணும்பாக. நெஞ்சு அதிரணும்பாக. இந்த ஏழு குமிழ்ல உங்க மருமகன் நடுவுல இருக்கிற மூணத்தான் ஏத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காக. அது மனுசக் குரல் இருக்கிற இடம். அதுலயும் பொம்பளக் குரல் இருக்கிற இடம். அங்க ஏத்துனா உள்ள இருக்கறவனுக்குக் காது கிழியுமே?"

"அதுக்குப் பேருதான் ஞானம்" என்றார் ஐயாதுரை. "தம் தம்னு அடிச்சு என்ன செய்ய? பாட்டுன்னா குரல்தான?"

சாயங்காலம் காரைக் கொண்டுபோய் விட்டார். வல்லரசு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "கொசு செத்துப் போச்சு மாமா" என்று கும்பிட்டான். அப்போது சுவிட்சு விஷயம் ஐயாதுரையின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மாப்பிள்ளையைப் பார்த்து, இதை அணை, அதை அணை என்று சொல்வதா? நீ கொடுத்த பொருளுக்கு நான் காவல் இருக்கணுமா என்று அவன் மனதுக்குள் நினைத்துவிட்டால்? மகளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நாக்கை மடக்கிக்கொண்டார். மகளிடம் சொல்ல மறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

"மாமா, அம்மாவக் கூட்டிக்கிட்டு அய்யனார் கோவிலுக்குக் கிளம்புனோம். எல்லாரும் ஏறி உக்காந்தாச்சு. வண்டி ஒரு முனகலும் முனகல. பொங்கப் பானைய மடியில வச்சிக்கிட்டு அம்மா காருக்குள்ளயே உக்காந்திருக்காக. ஒண்ணும் அவசரமில்ல."

ஐயாதுரை பறந்தார். பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தது. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை கண்முன்னால் சும்மா நிற்கக் கூடாது என்று அவரே ஸ்பேனரை வாங்கிக் கழற்றினார். குழந்தையைத் தூக்குவது மாதிரி பேட்டரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டியில் பேட்டரி ஆசிட் பட்டு, பொத்தல் பொத்தலாக விழுந்தது. மாட்டி முடித்ததும் வண்டி உறுமியது. அவர் மீசையைத் தடவினார்.

பாட்டுப் பெட்டி மட்டும் பாடவில்லை. அதன் சின்னத் திரையில் நான்கு கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"ரகசியக் கோடு நம்பர் கேக்குது மாமா" என்றான் வல்லரசு. "பேட்டரியக் கழட்டுனா, எவனோ செட்டைத் திருடிட்டான்னு நினைச்சுக்கிட்டுப் பூட்டிக்கிருமாம். கம்பெனி செட்டுல அப்படித்தானாம். நாலு நம்பர் போட்டாத்தான் திறக்குமாம்."

நான்கு எண்ணும் ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து வண்டிக் காகிதங்களோடு கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதங்களைக் கல்யாணத்தன்று சாவியோடு சேர்த்துச் சீர்த்தட்டில் வைத்திருந்தார்கள். தட்டில் வைத்தால் மஞ்சள் தடவிக் குங்குமம் வைக்காமல் விடுவார்களா? ஐயாதுரைதான் வைத்தார். பக்தி கொஞ்சம் அதிகம். அட்டையில் முதல் எண் நான்கு என்று தெரிந்தது, கடைசி எண் ஏழு என்று தெரிந்தது. நடுவில் இருந்த இரண்டின் மேலும் எட்டு மாதத்துக் குங்குமம் கெட்டிப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டினார். குங்குமத்தோடு எண்ணும் உரிந்து வந்தது.

"விடுங்க மாப்ளே. நம்பர் கண்டுபிடிக்கிறது நமக்குப் பழக்கம்தான்."

ரிசர்வ் போலீஸில் இருந்தபோது தனக்குக் கொடுத்த எண்ணிலிருந்து நடுவில் இரண்டை உருவிப் போட்டார். பெட்டி உறுமிவிட்டு மறுத்தது. யுவராணி பிறந்த வருடத்தின் கடைசி இரண்டைப் போட்டார். மறுத்தது. கல்யாணத் தேதியைப் போட்டார். பெட்டி நீளமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு இருட்டாகிப் போனது. மூன்று முறை தப்பாகப் போட்டால் கம்பெனிக்காரன்தான் திறக்க முடியும் என்று அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தில் மட்டும் குங்குமம் இல்லை.

வல்லரசு இருண்ட பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு திரும்பி யுவராணியைப் பார்த்தான். "பரவால்ல" என்றான் ரொம்ப மெதுவாக. "பொறுத்துக்கிடுவோம்."

என்ன மனசு, என்ன மனசு என்று ஐயாதுரை பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். பொத்தல் வேட்டியைத் துண்டால் மறைத்திருந்தார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு வண்டி யார் பெயரில் இருக்கிறது, அவருடைய கையெழுத்து எங்கே, ஆதார் எங்கே என்று அலைக்கழித்தார்கள். இரண்டு வாரம் ஓடியது. அந்த இரண்டு வாரமும் கார் ஷெட் ஊமையாகக் கிடந்தது.

நடுவில் ஒரு புதன்கிழமை யுவராணி தனியாகப் பஸ் ஏறி வந்தாள். வாசலில் அவளைக் கண்டதும் ஐயாதுரையின் கண் முதலில் அவள் கையில் பெட்டி இருக்கிறதா என்றுதான் பார்த்தது. ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. அதற்குள் மாமியார் கொடுத்த முருங்கைக்காய்.

"ரெண்டு நாளு இருந்துட்டுப் போறேன்ப்பா. அவுக போகச் சொன்னாக."

ஒரு பெரிய பாரம் இறங்கியது அவருக்கு. மகளைப் பார்த்துப் பார்த்துச் சோறு போட்டார். அவள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். பேட்டரி மடியில் ஒழுகிய கதையை அவர் நடித்துக் காட்டியபோது வாய்விட்டுச் சிரித்தாள். குரல் கணீரென்று இருந்தது.

"தொண்டை சரியாப் போச்சா?"

"போச்சுப்பா. பத்து நாளா நல்லா இருக்கு."

"நான் குடுத்த பனங்கற்கண்டு!"

"ஆமாப்பா" என்றாள்.

சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தவள் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள். "அப்பா, நீங்க ஸ்டேஷன்ல இருக்கையில, புருசன் மேல புகார் குடுக்கப் பொம்பளைக வருவாகல்ல? அவுககிட்ட என்ன சொல்லுவீக?"

ஐயாதுரைக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதெல்லாம் ஒரு கலை பிள்ள. புகார எழுதிட்டா ஒரு குடும்பம் போச்சு. நான் பேனாவையே எடுக்க மாட்டேன். முதல்ல ஒரு டீ வாங்கிக் குடுப்பேன். அழுது முடிக்கட்டும்னு இருப்பேன். பொறவு, 'அடிக்கிற கைதான்மா அணைக்கும், போ, போயி சோத்த ஆக்கு'ன்னு சொல்லி, கையெழுத்து வாங்கி அனுப்பிச்சிருவேன். எத்தன குடும்பத்த ஒட்ட வச்சிருக்கேன் தெரியுமா? ஒருத்தியாவது திரும்பி வந்து குறை சொல்லியிருப்பாளா?"

"திரும்பி வரலையாப்பா?"

"வரவே இல்லையே."

"ம்" என்றாள் யுவராணி. எழுந்து போய்க் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மறுநாள் கிளம்பும்போது, "அப்பா, அந்தக் கோடு நம்பர் கிடைக்கலன்னா விட்டுருங்க. கிடைக்கவே வேண்டாம்" என்றாள். சிக்கனத்தில் அப்படியே அவள் அம்மா என்று ஐயாதுரை நெகிழ்ந்து போனார்.

மாப்பிள்ளையோ தினமும் போன் செய்தான். குரலில் அதே மரியாதை. "ஏதாவது தகவல் உண்டா மாமா? ஒண்ணும் அவசரமில்ல. பாட்டு இல்லாம கையே ஓட மாட்டேங்குது, அதான்."

இப்படிக் கேட்கிற மருமகனுக்காக மலையைக்கூடப் பெயர்க்கலாம். ஐயாதுரை பழைய நண்பர் ஒருவரைப் பிடித்தார். அவர் மதுரையில் இன்னொருவரைப் பிடித்தார். அந்த இன்னொருவரின் மச்சான் சர்வீஸ் சென்டரில் இருந்தான். சனிக்கிழமை மத்தியானம் நான்கு எண்ணும், பூட்டைத் திறக்கும் முறையும் ஐயாதுரையின் போனுக்கு வந்து சேர்ந்தன. நடு எண்கள் இரண்டும் பூஜ்யம். முப்பத்து மூன்று வருட சர்வீஸில் இவ்வளவு சுலபமான எண்ணை அவர் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நவாஸையும் அவன் பைக்கிலேயே கூட்டிக்கொண்டு போய் இறங்கினார். நவாஸ் எண்ணைப் போட்டான். பெட்டி விழித்துக்கொண்டது. அன்றைக்கு விட்டுப்போன வயரையும் கொடுத்தான். சாவியை எடுத்தால் எல்லாம் அணைந்தது, போட்டால் எல்லாம் எரிந்தது. கொசு இல்லை. ஒரு குறை இல்லை.

"இனி குமிழ்கள சரி பாத்துருவோம்" என்றான் வல்லரசு. முகம் தெளிந்திருந்தது. "தெருவுல நாலு பேரு குடியிருக்காக. அவுகளுக்கு இடைஞ்சல் இல்லாம இருக்கணும். மாமா, நீங்க காருக்குள்ள உக்காருங்க. கண்ணாடிய ஏத்திக்கங்க. பாட்டு ஓடட்டும். நீங்க உள்ள இருந்து சத்தமா கத்துங்க. நான் வெளிய நின்னு கேக்கேன்."

"நான் எதுக்கு மாப்ளே கத்தணும்?"

"பாட்டு எம்புட்டுக் கட்டியா இருக்குன்னு அப்பத்தான் தெரியும்."

ஐயாதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. நவாஸும் தலையைச் சொறிந்தான். ஆனால் ஞானம் உள்ளவர்கள் விஷயத்தில் நாம் என்ன கண்டோம்? ஐயாதுரை உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினார். பாட்டு காதைப் பிளந்தது. என்ன கத்துவது என்று தெரியாமல் பயிற்சி மைதானத்தில் கத்தியதையே கத்தினார். "அட்டென்ஷன்! லெப்ட் ரைட்! லெப்ட் ரைட்!"

வல்லரசு ஷட்டருக்கு வெளியே போய் நின்று கேட்டான். உள்ளே வந்து நடுக்குமிழை ஒரு கோடு ஏற்றச் சொன்னான். மறுபடி போனான். "இன்னுங் கொஞ்சம் ஒசக்கக் கத்துங்க மாமா, கீச்சுக் குரல்ல" என்று வந்து சொன்னான். ஐயாதுரை கீச்சுக் குரலில் கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. கதவு நிலையில் நின்றிருந்த யுவராணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவள் சிரிக்கவில்லை.

நான்காவது முறை வல்லரசு வந்தபோது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். "ஒரு சொட்டு கேக்கல மாமா. நீங்க கத்துனதே தெரியல. பாட்டுதான் கேக்கு, அதுவும் இதமா."

ஐயாதுரை வேர்த்து ஒழுக இறங்கினார். தொண்டை கட்டிவிட்டது. "இப்பம் திருப்திதான மாப்ளே?" என்று கேட்டபோது காற்றுதான் வந்தது.

"மனசு நிறைஞ்சிருச்சு மாமா" என்று வல்லரசு குனிந்து அவர் காலைத் தொட்டான். எந்த மருமகன் தொடுவான்? ஐயாதுரைக்குக் கண் நிறைந்துவிட்டது. நவாஸ் சாமான்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிப் பைக்கைக் கிளப்பினான். ஐயாதுரை பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

யுவராணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பை வாங்கிய அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நானும் உங்க கூட வரட்டா? ரெண்டு நாளு."

"இப்பத்தானம்மா வந்துட்டுப் போன? ரெண்டு வாரமா பாட்டு இல்லாம ஏங்கிப் போயிருக்காக. நல்ல நாளும் அதுவுமா அவுகள விட்டுட்டு வரலாமா?" அவர் கட்டைக் குரலில் சொல்லி அவள் கையை மெதுவாக விடுவித்தார். "தொண்டையப் பாத்துக்க. பனங்கற்கண்டு தீந்துட்டா சொல்லு."

"மாமா, நாலரை வண்டியப் பிடிச்சிருங்க" என்றான் வல்லரசு. "நாங்க செத்த நேரம் பாட்டு கேக்கோம். வா யுவராணி."

ஷட்டர் இறங்கியது. ஐயாதுரை தெருவில் இறங்கி நாலு எட்டு நடந்ததும் உள்ளே பாட்டு ஆரம்பித்தது. நின்று கேட்டார். மாப்பிள்ளை சொன்னது சரிதான், நிறைந்த சத்தம், இதமாக இருந்தது. நாலரை பஸ் போனால் ஐந்து மணி பஸ் என்று அங்கேயே நின்றார். மகள் குடும்பம் நிலைத்துவிட்டது. மனைவி இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டு வாசலில் சுடலையம்மாள் வந்து நின்றாள். காதை ஷெட் பக்கம் சாய்த்துச் செத்த நேரம் கேட்டாள். அவள் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது.

"என்னம்மா, சத்தம் இடைஞ்சலா இருக்கா?" என்று ஐயாதுரை கேட்டார்.

"இடைஞ்சலா? நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி. ஆயிரந்தான் இருந்தாலும் பெத்தவரு, விவரம் தெரிஞ்சு வந்து பிள்ள மானத்தக் காப்பாத்திட்டுப் போறீக. முன்னயெல்லாம் என்ன பாட்டு வச்சாலும் பிள்ள அலறுறது எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும், ஒரு வாய்ச் சோறு எறங்காது. இப்பம் பாருங்க, ஒண்ணுமே கேக்கல."